கறுப்பன் தண்ணீர் குடித்த காலை

புத்தரை நம்பி இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. என் மகளை நாய் கடித்ததையும், அப்போது எனக்குக் கிடைத்த உதவியையும் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, தூத்துக்குடிக் கடற்கரையில் ஓலைக் குடிசை போட்டிருந்தோம். தோட்டத்துக்குக் கீழே இருந்த விகாரையில்தான் சின்ன வயதில் நான் புத்தரைக் கும்பிடக் கற்றேன். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். என்னைச் சிலோன்காரி என்று கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். நானும் ஆறு வயது சுமதியும் மட்டும்தான் இருந்தோம்.

எங்கள் வாசலில் கறுப்பன் என்று ஒரு தெருநாய் படுத்துக் கிடக்கும். அன்று காலை அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சுமதி அதன் முகத்தைத் தடவப் போனாள். கையைக் கவ்விவிட்டது.

அவள் அலறியதில் தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டு மிக்கேல் அண்ணாச்சி துடுப்போடு ஓடி வந்தார். மீன்பிடிக்கிறவர், நல்ல மனுஷர். நாய் நழுவிப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் கடிவாயைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் காயத்தைப் பார்த்தார். "தொப்புளைச் சுத்தி ஊசி போடணும்மா. மருந்து என்கிட்ட தீர்ந்துபோச்சு. வெளியூர்ல இருந்து வரணும், சொல்லி விடுதேன். அந்த நாய் உயிரோட இருக்கா?"

"இருக்கு ஐயா. அடிக்கத் தேடுறாங்க."

"அடிக்க விடாதே. கட்டிப்போட்டுப் பாரு. பத்து நாள் அது நல்லா இருந்தா உன் பிள்ளைக்குப் பயமில்ல. அடிச்சுட்டா நமக்கு ஒண்ணும் தெரியாம போயிரும்."

திரும்பி எப்படி ஓடினேனோ தெரியாது. அதற்குள் கொன்றிருப்பார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, நாய் வெளியே வரவில்லை. அண்ணாச்சி துடுப்பை ஓங்கியபடி வள்ளத்தடியில் காத்து நின்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அடிக்காதீங்க அண்ணாச்சி! டாக்டரு சொல்லிட்டாரு."

"ஏளா, வெறி புடிச்ச நாயிளா! ஊரையே கடிச்சிப்போடும். தள்ளு அங்கிட்டு!"

"அது செத்தா என் பிள்ளைக்கு என்ன வரும்னு யாருக்குமே தெரியாம போயிடும், அண்ணாச்சி!" என்று அழுதேன்.

அவர் துடுப்பை இறக்கினார். தோணிக் கயிற்றில் சுருக்குப் போட்டு நாயைப் பிடித்துக் குடிசைக்குப் பின்னால் உடைமரத்தில் கட்டினோம். "உனக்காவத்தான் விடுதேன். யாரையும் அதுகிட்ட விட்டுராத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் நரகம். நாய் சோற்றைத் தொடவில்லை. எச்சில் நிற்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் வெறிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் நாய்க்கடியில் ஒருவர் செத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் சொம்பைக் கண்டாலே அவருக்குத் தொண்டை இழுத்துக்கொள்ளும். சுமதிக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அவள் தொண்டையையே பார்த்தேன். அவள் விழுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். மருந்து வரவில்லை. வீட்டுக்காரரிடமிருந்தும் தகவல் இல்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு காலையில் இனித் தாங்காது என்று தோன்றியது. குடிசைக்குப் பின்னால் போய், நாய்க்கு எட்டாத தூரத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்தேன். என் பிள்ளை சுகமாக இருக்கட்டும் என்றேன். வேண்ட வேண்ட அழுகைதான் வந்தது. எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும் என்றுதானே எனக்குச் சொல்லித் தந்தார்கள்? அந்த நாய்க்காக வேண்ட எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையைக் கடித்த வாய் அது. வெகுநேரம் போராடினேன். கடைசியில், "நீயும் நோயில்லாம இரு. உன் வலியும் தீரட்டும்," என்றேன். மனசார, கறுப்பனைப் பார்த்தே சொன்னேன்.

அப்போதுதான் அதன் முகத்தைப் பயமில்லாமல் பார்த்தேன். அது நான் வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியருகே போனது. நாக்கை நீட்டிப் பார்த்தது. முடியவில்லை. முகத்தை மண்ணில் தேய்த்துவிட்டு மறுபடியும் சட்டிக்கே வந்தது. இதற்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறதே! வாயோ ஒரு பக்கமாகத் திறந்தே நின்றது. உள்ளே ஏதோ மினுங்கியது.

"அண்ணாச்சி, ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அட என் மாதாவே! தூண்டி முள்ளுல்லா குத்தி நிக்கி! மீன்தலையத் தின்னிருக்கு போல. இம்புட்டு நாளா இத வச்சிக்கிட்டா கெடந்த?" என்று நாயிடமே கேட்டார்.

கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் நாயை அமுக்கிப் பிடித்தார்கள். அண்ணாச்சி குறட்டால் முள்ளை வெட்டி இழுத்தார். சீழும் ரத்தமுமாக வந்தது. விட்டதும் கறுப்பன் சட்டிக்குள் முகத்தை விட்டு, தண்ணீரை மடக் மடக்கென்று நக்கிக் குடித்தது. நான் மண்ணில் விழுந்து கும்பிட்டு அழுதேன்.

பிறகு கஞ்சி குடித்தது, சோறு தின்றது. டாக்டர் சொன்ன பத்து நாள் கெடுவும் கடந்தது. அவரே வந்து நாயைப் பார்த்து, "ஊசி வேண்டாம்மா, நிம்மதியா இரு," என்றார். அண்ணாச்சி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் என் புத்தர் படத்துக்குப் பூ வைத்தேன். தோணியிலிருந்து வந்து இறங்கிய வீட்டுக்காரர், கதையைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த உயிரையும் விரட்டுவதில்லை. காலொடிந்த ஆடு, சிறகொடிந்த காக்கை, எது கிடைத்தாலும் தெருவில் உள்ளவர்கள் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். என்னால் முடிந்ததைச் செய்கிறேன். சில பிழைக்கும், சில பிழைக்காது.

புத்தர் வானத்திலிருந்து இறங்கி வந்து முள்ளைப் பிடுங்கினார் என்று நான் சொல்லவில்லை. அவர் காட்டிய வழியில் வேண்டினேன், என் கண் திறந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இன்று தாங்க முடியாத பயம் இருக்கலாம். உங்களுக்காக வேண்டுங்கள். உங்களைக் கடித்தது எதுவோ, அதற்காகவும் ஒரு தடவை வேண்டிக்கொண்டு, அப்புறம் அதன் முகத்தைப் பாருங்கள்.