பட்டை ரம்பம் வேண்டாம் என்ற தாமோதரன்

தாமோதரன் சித்தூரில் ஒரு மர மில்லில் வட்ட ரம்பத்தில் பலகை அறுத்தவன். திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, அறுந்துபோன இடது சுண்டுவிரலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தான். வியர்த்துக் கொட்டியது கூட வந்த முனிகிருஷ்ணனுக்குத்தான். அவனும் அதே மில்.

“வெரலு போயும்கூட ஆளு கத்தல நர்சம்மா. ரம்பத்தை நிறுத்தின ஒடனே, சூடு ஆறதுக்குள்ளயே வெறுங்கையால தொட்டுப் பார்ப்பான். எங்க மில்லுக்கே சிங்கம்” என்றான்.

மில்லில் மூன்று ரம்பங்கள். தடியை நீளம் பார்த்துத் துண்டு போட ஒன்று. பலகையும் சட்டமும் அறுக்க வட்ட ரம்பம். பெரிய அடிமரத்தைப் பிளக்கப் புதிதாக வந்தது பட்டை ரம்பம். பல் வெட்டிய எஃகுப் பட்டை, மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்களில் ஓடும். அதற்கு யாரை நிறுத்துவது என்று முதலாளி வேதாச்சலம் யோசித்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி கேட்டதும் தாமோதரன்தான் என்று முடிவு செய்துவிட்டார். பயப்படாத ஆள் வேண்டுமாம்.

எனக்குச் சரியாகப் படவில்லை. மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே காயத்தை ஸ்பிரிட்டால் துடைத்திருந்தேன். தைரியசாலிக்கும் எரியும், பல்லையாவது கடிப்பான். இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது கண்ணை மூடச் சொன்னேன். மோதிர விரலருகே பஞ்சைப் பிடித்தேன்.

“தொட்டேனா?”

“தொட்டீங்க.”

நான் தொடவில்லை.

முழங்கையின் உட்புறம் தடவினேன். நரம்பு கொடிக்கயிறு போலத் தடித்திருந்தது. முதுகில் வெளுத்த தேமல். டாக்டர் பார்த்து உறுதி செய்தார்.

“குஷ்டம்பா. மாத்திரை கீது, வருஷக்கணக்கா துன்னணும். ஆனா மரத்துக்குள்ள கீற ஆணில ரம்பம் தட்டினா இந்தக் கை உனக்குச் சொல்லாது. இனிமே ரம்பத்துகிட்ட நிக்காத” என்றேன்.

“மொதலாளிக்குத் தெரிஞ்சா மில்லு வாசல்லகூட நிக்க வுடமாட்டாரு.”

“நான் சொல்லப் போறதில்ல. நீ இன்னா சொல்லணுமோ சொல்லிக்க.”

அவன் அழவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டான். மறுநாள் மனைவி தாட்சாயணியை அழைத்து வந்தான். அவளுக்கு ஒன்றுமில்லை.

காயம் ஆறி அவன் மில்லுக்குப் போன அன்று, வேதாச்சலம் பட்டை ரம்பத்துக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அவனைக் கூப்பிட்டார். அவன் எல்லோர் முன்னாலும், “எனக்கு பயமா கீது மொதலாளி. ரம்பமே வாணாம், கெடங்குல போடுங்க” என்றான்.

முனிகிருஷ்ணன் மெனக்கெட்டு வந்து எனக்குச் சொன்னான். “சிங்கத்துக்கு வெரலோட வீரமும் பூடுச்சு நர்சம்மா.”

நான் அடுத்த ஆளின் கட்டைப் பிரிக்கப் போய்விட்டேன்.

தாமோதரனுக்குக் கிடங்கில் தடிகளுக்குச் சாக்குக்கட்டியால் குறி போடும் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை மாத்திரைக்கு வருவான். நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், புதுக்காயம் இருக்கிறதா என்று.

“பயந்தாங்கொள்ளின்னே கூப்பிடறாங்க” என்றான் ஒருமுறை.

“நீ திரும்பிப் பார்க்கிறியா?”

“பார்க்காம? அதான இப்ப பேரு” என்று மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.