மதுரையில் வீடு தேடப் போய் மேலூரில் பஸ் ஏறினேன்

ஓசூர், கோவை, திருச்சி என்று மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதியபோது, மதுரையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விடவில்லை. பிப்ரவரியில் நான்கு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். எழுதத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். முழுதாக ஆறவில்லை. ஆனாலும் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக: நான் பல் மருத்துவர், வயது ஐம்பத்தேழு. கணவர் சேகர் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குரோம்பேட்டையில் தரைத்தள வீடு. மழைக்காலம் வந்தால் ஃப்ரிட்ஜைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு, மாடி வீட்டுக்காரர்களிடம் போய்ப் படுத்துக்கொள்வோம். மகன் புனேயில் வேலை பார்க்கிறான், திரும்பி வருகிற எண்ணம் அவனுக்கு இல்லை. ஆகவே கொஞ்சம் சின்ன ஊராகப் பார்த்துப் போய், பாதி நாள் வேலை பாதி நாள் ஓய்வு என்று இருந்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். எங்கள் திட்டம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேகர் வேலையில் இருந்தவரை மாத்திரைகளைச் சோதித்து நிராகரித்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊர்களை நிராகரித்தார். ஓசூர், பனியில் மூக்கடைப்பதால் போயிற்று. கோவை, வாடகையால். திருச்சியில் எல்லாமே பிடித்திருந்தது, கடைசி நாள் ஒரு கொசு கடித்தது, அதோடு முடிந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற பேனா மாதிரி ஒரு கருவியும், சத்தத்தை அளக்கிற செயலி ஒன்றும் அவரிடம் உண்டு. போகிற வீட்டிலெல்லாம் வணக்கம் சொன்ன கையோடு சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடிப்பார். பின்னால் நான் அசட்டுச் சிரிப்போடு நிற்பேன்.

எழும்பூரிலிருந்து பகல் ரயிலில் போனோம். குளிர்சாதன இருக்கை ஒருவருக்கு எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, ஏழரை மணி நேரப் பயணம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் அறை, நாள் வாடகை இரண்டாயிரத்து நூறு. அறை சுத்தம்தான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காருக்கு டீசலோடு சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு பேசினோம். ஓட்டுநர் முருகேசனுக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர், நன்றாக ஓட்டுவார், ஆனால் எந்தத் திசையில் போனாலும் அங்கே அவருடைய மாப்பிள்ளை ஒருவருக்கு விற்பதற்கு ஒரு மனை இருக்கும். வாடகைக்குத்தான் வீடு பார்க்கிறோம் என்று முதல் நாளே மூன்று முறை சொன்னேன். "சும்மா பாத்துட்டு வாங்கக்கா, பாக்குறதுக்கு காசா பணமா" என்றார். அந்தச் சும்மாவில் ஒரு முழு மாலைப் பொழுது போனது.

இரண்டாம் நாள், முதலில் கே.கே. நகர். அங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டது நான். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவளான நூர்ஜஹான் அந்தப் பகுதியில்தான் பல் மருத்துவமனை வைத்திருக்கிறாள். அவளோடு வேலை பார்த்த டாக்டர் துபாய் போய்விட்டதால் இரண்டாவது நாற்காலி எட்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள் அக்கா என்று இரண்டு முறை போன் செய்திருந்தாள். சேகரிடம் சொன்னபோது பார்க்கலாம் என்றார். அவர் எதற்கும் பார்க்கலாம் என்பார் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வீடே நன்றாக இருந்தது. இரண்டு படுக்கையறை, கிழக்கு வெளிச்சம், வாடகை பதினாறாயிரம். கிளினிக்குகள், பள்ளிக்கூடங்கள், காலையில் ஸ்கூட்டர் நெரிசல் என்று மாதச் சம்பளக்காரர்கள் வாழ்கிற தெருதான். தண்ணீரும் தேறியது. வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்து, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வயதைக் கேட்டார். சொன்னோம்.

"தப்பா நெனைக்காதீக. வயசானவுகளுக்கு நாங்க வீடு குடுக்குறதில்ல. தனியா இருப்பீக, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதான் ஓடியாரணும்."

அவருக்கே எழுபது வயதுக்குக் குறையாது. சேகருக்கு அறுபது. எழுந்து வந்துவிட்டோம். அன்று பார்த்த மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றில் நேரடியாகக் கேட்காமல், உங்களுக்குச் சொந்த ஊர் எது, குலதெய்வம் எங்கே என்று சுற்றிச் சுற்றி எங்கள் சாதியை விசாரித்தார்கள். இன்னொன்றில் அசைவம் சமைப்பீர்களா என்றார்கள். சமைப்போம் என்றேன். சாவி கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் திருமங்கலம். மதுரையிலிருந்து தென்மேற்கே இருபத்திரண்டு கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் ஐம்பது நிமிடம். வாடகை ஒன்பதாயிரம். வீட்டுக்குப் பின்னால் வயல் என்று போனில் சொல்லியிருந்தார்கள். வயல் இருந்தது. முன்னால் கூப்பிடு தூரத்தில் தேசிய நெடுஞ்சாலையும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. சேகர் மொட்டை மாடியில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். கீழே இறங்கி வந்து குழாய்த் தண்ணீரில் பேனாவை முக்கி, எண்ணைப் பார்த்து, வீட்டுக்கார அம்மாவிடம் இதை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா எங்களுக்காக அந்தத் தண்ணீரில்தான் காபி போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாசல் வரை வந்தேன்.

நான்காம் நாள் மேலூர். வடகிழக்கே முப்பது கிலோமீட்டர், சாலை நன்றாக இருப்பதால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கால்வாய்ப் பாசனம் உள்ள பகுதி, பிப்ரவரியிலும் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது. ஊருக்குச் சற்று வெளியே தனி வீடு. பின்னால் பத்து சென்ட் இடம், இரண்டு மாமரம், துவைக்கிற கல், கிணறு. வாடகை எட்டாயிரம்தான். சேகர் தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் சொல்லவில்லை. போனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடக்க ஆரம்பித்தார். நான்கு ஊர்களில் முதல் முறையாக அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் கே.கே. நகர் போய்விட்டு மத்தியானம் திரும்பிவிடலாமா, பஸ் எப்படி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் என்னிடம், முன்னறைக்குத் தெருவைப் பார்த்துத் தனி வாசல் இருக்கிறது, வேண்டுமானால் அதில் கிளினிக் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் பதில் சொன்னார்.

"அதெல்லாம் தேவைப்படாதுங்க. அவங்களும் நிறுத்திடப் போறாங்க."

இதை நான் அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன்.

வெளியாட்கள் முன்னால் ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறியதும், நான் நிறுத்தப் போகிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன். முதுகு வலிக்கிறது என்று நீதானே சொல்கிறாய், எத்தனை நாளைக்கு நின்றுகொண்டே இருப்பாய், உன் நல்லதுக்குத்தான் என்றார். முன்னால் இருந்து முருகேசன் திரும்பிப் பார்த்தார். "அண்ணே சொல்றதும் சரிதானக்கா. எம்புட்டோ பாத்துட்டீக, இனி ரெஸ்ட் எடுங்க."

மேலூர் பேருந்து நிலையம் வந்தது. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும் என்று சொல்லி இறங்கினேன். உண்மையில் தண்ணீர் வாங்கத்தான் இறங்கினேன். கடைக்குப் பக்கத்தில் மதுரை மாட்டுத்தாவணி போகிற பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறிவிட்டேன். முப்பத்தோரு வருடத் திருமண வாழ்க்கையில் இப்படி ஒன்று செய்ததில்லை. பஸ் நகர்ந்த பிறகு, நூர்ஜஹான் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சேகருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே போன் அடித்தது. எடுக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கே போகிறேன் என்று கேட்டாள். வேலை கேட்கப் போகிறேன் என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, இந்த வயசிலயா என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள்: "போங்க. வீட்ல உக்காந்து அந்தாளு மூஞ்சியவே பாத்துக்கிட்டு என்னத்தப் பண்ணப் போறீக." அந்தாளை அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது தேவையாக இருந்தது.

பயணம் ஐம்பது நிமிடம். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், பக்கம்தான், நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். கிளினிக்கில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நூர்ஜஹான் எதுவும் விசாரிக்கவில்லை. "அக்கா, அந்த லாரிக்காரருக்குக் கடவாப்பல்லு படுத்துக் கிடக்கு. பாக்குறீங்களா?" என்றாள். கையுறை போட்டுக்கொண்டேன்.

லாரிக்காரர் ஆறடி இருப்பார், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது. பல் எலும்புக்குள் குறுக்காகக் கிடந்தது. இரண்டு துண்டாக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தி அவரைக் கொஞ்சம் பேசவைத்தேன், பேச முடியாமல் தலையை ஆட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்தபோது என் முதுகு உண்மையாகவே விண்ணென்று தெறித்தது. நான்கு நாளாக மண்டைக்குள் இருந்த எரிச்சல் மட்டும் எங்கேயோ போயிருந்தது.

நூர்ஜஹானிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்தால் காத்திருப்போர் பெஞ்சில் சேகர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முருகேசன், தலையைக் குனிந்துகொண்டு. இருவரும் வந்து ஒரு மணி நேரம் ஆகிறதாம். கண்ணாடிக் கதவு வழியாக நான் வேலை செய்ததைச் சேகர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"முதுகு வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது."

"எத்தனை நாள் வரச் சொல்றாங்க?"

"வாரத்துல நாலு நாள், காலையில மட்டும். ஜூன்லேர்ந்து வரேன்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

"மேலூர்ல நீங்க என்னைக் கேட்டீங்களா?"

மறுநாள் ரயில் திண்டுக்கல் தாண்டிய பிறகுதான் அவர் அதற்குப் பதில் சொன்னார். ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடத்தில் வாழ்க்கை போய்விட்டது, அந்த மாதிரி ஒரு மரத்தடியில் நாம் இரண்டு பேரும் காலையில் உட்கார்ந்திருப்பதாகவே இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன், நீயும் அதையே யோசிக்கிறாய் என்று நினைத்துவிட்டேன் என்றார். உட்காரலாம், மத்தியானத்துக்கு மேல் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால் மேலூரில் அந்த மரத்தடியில் தினமும் ஒரு சண்டை நடந்திருக்கும்.

மேலூர் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வரலாமா என்றும் பார்த்தோம். காலை எட்டரைக்குள் கிளம்ப வேண்டும், நிற்கவும் வேண்டும், என் முதுகு அதற்குத் தாங்காது. ஆகவே நூர்ஜஹான் பார்த்துச் சொன்ன கே.கே. நகர் முதல் மாடியைப் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு என் பெயரில் எடுத்தேன். வாடகை பதினைந்தாயிரம். அந்த வீட்டுக்காரர் வயதைக் கேட்கவில்லை, பல் செட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். ஜூன் முதல் வாரம் நான் தனியாக வந்தேன். சேகர் ஏழு வாரம் கழித்து வந்து சேர்ந்தார். மாடியில் வெயில் அதிகம், கீழே மோட்டார் போடுகிற நேரம் சரியில்லை, தெருவில் நாய்கள் என்று தினமும் ஏதாவது குறை உண்டு. குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். இருக்கிறார்.

இனி யோசனைகள். மதுரையைச் சுற்றிப் பார்க்க நாங்கள் வைத்திருந்த கார் நல்ல செலவு, இரண்டாம் முறை போகிறவர்கள் பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள், அப்போதுதான் ஊரின் உண்மையான தூரம் தெரியும். பிப்ரவரியில் வந்து மதுரை வெயில் பரவாயில்லை என்று முடிவு செய்யாதீர்கள், ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை வாருங்கள். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது சிரமம், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். புறநகரில் பார்ப்பவர்கள் தண்ணீரைக் கட்டாயம் சோதியுங்கள், ஆனால் காபி குடித்த பிறகு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போகப் போகிற ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்தவர் பதில் சொல்லும் வரை வாயைத் திறக்காதீர்கள். நான்கு ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.