கந்தகம் மணத்த கட்டு

அந்த வருஷம் மீன மாதம், பங்குனி வெயிலில், திருவனந்தபுரத்தில் வைசூரி பரவியது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. பள்ளி இறுதித் தேர்வைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தோம், வைக்கவில்லை. நோய் கண்ட வீட்டுப் பிள்ளைகளை மட்டும் மைதானத்தின் கோடியில் ஓலைக் கொட்டகை போட்டுத் தனியாக எழுதவைத்தார்கள். அவர்களுடைய விடைத்தாள்களுக்குக் கந்தகப் புகை காட்டி, வெயிலில் போட்டு எடுத்து, தனிக் கட்டாகக் கட்டித் திருத்துகிறவர்களுக்கு அனுப்பினார்கள்.

தமிழ்த் தாளைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. வீட்டில் மனைவியும், இன்னும் அம்மை குத்தாத கைக்குழந்தையும்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் மூன்று பேர் ஒரே மேசையில் இருந்து திருத்தினோம். தலைமைத் தேர்வாளர் அக்ரகாரத்துக்காரர், மூத்தவர். மற்றவர் என் ஊர்ப் பக்கத்து, நாஞ்சில் நாட்டு இளைஞர். கட்டு வந்தபோது அதோடு ஓர் உத்தரவும் வந்தது: தாளைத் தொடத் தயங்கினால், அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த அரையாண்டு மார்க்கையே போட்டுவிடலாம்.

"நல்ல உத்தரவு. போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார் இளைஞர்.

நான் கூடாது என்றேன். தைரியத்தால் சொன்னதல்ல. இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்தவன் நான். ஒன்றில் அரையாண்டில் நாற்பது வாங்குவதே அபூர்வம். மற்றதில் பேனா பிடித்தவனுக்கெல்லாம் அறுபது. அந்த மார்க்கை எடுத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பதிலாக வாத்தியார்களுக்கு அல்லவா மார்க்குப் போடுகிறோம்?

"அப்போ நீரே திருத்தும் ஓய்" என்று தலைமைத் தேர்வாளர் அளவுகோலால் கட்டை என் பக்கம் தள்ளினார்.

கயிற்றைப் பேனாக் கத்தியால் அறுத்தேன். தாள்கள் ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தன. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, மூச்சைச் சன்னல் பக்கம் விட்டுப் படித்தேன். நாலைந்து தாள் முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் எல்லாமே வழக்கத்தைவிடத் தாராளமான மார்க்கு. எங்கே குறைத்துப் போட்டால் மறுபடி புரட்டிப் பார்க்க நேருமோ என்று கை தானாக ஏற்றிப் போட்டிருக்கிறது. அவ்வளவையும் அடித்து, முதலிலிருந்து படித்தேன்.

அடுத்த தாளில் அது நடந்தது.

"அண்ணாச்சி! வெரலு!"

இளைஞர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். என் ஆள்காட்டி விரல் நாக்கில் இருந்தது. தாள் புரட்ட எச்சில் தொடுவது இருபது வருஷப் பழக்கம். எத்தனை தடவை தொட்டேனோ, தெரியவில்லை. கிணற்றடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தேன். உப்பு வாங்கிவரச் சொல்லி மறுபடி கொப்பளித்தேன். குழந்தையைக் காலையில் தூக்கியதும், இனி எப்போது தூக்குவேன் என்பதும்தான் நினைவில் ஓடியது.

"கந்தகத்துல எல்லாம் செத்திருக்கும். வந்து உக்காரும்" என்றார் தலைமைத் தேர்வாளர். சொல்லிக்கொண்டே தன் நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்திக்கொண்டார்.

திரும்பி வந்து அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உண்மையான பயம் பிடித்தது. விழிஞ்ஞம் கடற்கரையைப் பற்றிய கட்டுரை. முதல் இரண்டு பக்கம் அருமையான எழுத்து: மீன்பிடி வள்ளம் கரையேறுவது, கூடையோடு ஓடும் பெண்கள், ஈர மணலில் வலை. மூன்றாம் பக்கத்தில் வரிகள் கீழே சரிந்தன. 'வள்ளம் வரவில்லை' என்ற ஒரே வாக்கியம் மூன்று தடவை. பிறகு பேனா இழுபட்ட ஒரு கோடு. அந்தப் பிள்ளை நோய் கண்ட வீட்டிலிருந்து வந்தது மட்டுமல்ல. எழுதும்போதே அதற்கும் காய்ச்சல் ஏறியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் நான் எச்சில் தொட்டுப் புரட்டியிருந்தேன்.

கூட்டினால் முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். முதல் இரண்டு பக்கத்துக்குப் போட்ட விகிதத்தில் மூன்றாம் பக்கத்துக்கும் போட்டால் தேறிவிடும். அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"எழுதாததுக்கு மார்க்கா? ஒழுங்கா எழுதின மத்த பிள்ளையளெல்லாம் இளிச்சவாயா அண்ணாச்சி?"

"காய்ச்சலுக்கு மார்க்குக் கிடையாது ஓய். தாள்ல என்ன இருக்கோ அதுக்குத்தான்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். "நீங்களும் ஒரு தடவை படியுங்கள்" என்று மட்டும் சொன்னேன். யாரும் கை நீட்டவில்லை. நான் தாளை மூலையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று இளைஞர் உரக்கப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், வள்ளம் வரவில்லை என்று இரண்டாவது தடவை படித்ததும் குரல் நின்றுவிட்டது.

"போடுங்க அண்ணாச்சி" என்றார்.

தலைமைத் தேர்வாளர் அளவுகோலைக் கட்டின் பக்கம் நீட்டினார். "போடும். ஆனா இந்த ஒரு தாளுக்குன்னு இல்லே. கட்டு முழுக்கப் பாரும். இன்னொண்ணு இப்படிக் கிடந்தா அதுக்கும் இதே கணக்கு. அப்புறம்தான் கையெழுத்து."

கட்டு முழுவதையும், பேனாக் காம்பால் புரட்டிப் பார்த்தேன். சரிந்த வரி வேறு எதிலும் இல்லை. ஆனால் ஒரு தாளில் குண்டு குண்டான தெளிந்த கையெழுத்து, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தெரியாமல் விட்டதா, எழுந்திருக்க முடியாமல் விட்டதா? காய்ச்சலோடும் அழகாக எழுதுகிற பிள்ளை இருக்காதா? அதைத் திரும்பத் திரும்ப எடுத்தேன், வைத்தேன்.

"போதும். எல்லாருக்கும் நீரே காய்ச்சல் வரவழைக்க வேண்டாம்" என்றார் தலைமைத் தேர்வாளர். அந்தத் தாளில் எழுதியிருந்ததற்கு மட்டும் மார்க்குப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்றே நடந்ததைச் சொல்லி, குழந்தையை உள்ளறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வாசல் படிப்புரையை ஒட்டிய அறையில் தனியாகப் படுத்தேன். மனைவி சோற்று இலையைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"அந்தக் காய்ச்சக்காரப் பிள்ளை பாஸா?"

"பாஸ்."

"நீங்க?"

"ரெண்டு வாரம் போகணும். அப்பத்தான் ரிசல்ட்டு."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது, போய்விட்டாள். நான் இலையை எடுக்காமல், புறங்கையை நெற்றியில் வைத்துச் சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.