வலது பக்கம் இறங்குகிறேன்

தையல் கோணிக்கொண்டு போனது. அதுதான் முதல் அறிகுறி. பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பல வருடங்களாகச் சட்டைக்குக் காலர் வைக்கிறவள் நான். என் தையல் கோணாது. ஊசியைக் குறை சொன்னேன், நூலைக் குறை சொன்னேன், கடைசியில் மெக்கானிக்கையே கூப்பிட்டுவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வந்தவர் மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, வாய் ஒரு பக்கமா போவுது" என்றார். என் இடது கை துணியைத் தள்ளாமல் மடியில் கிடப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் சொன்னபடி கேட்காமல் போவது). சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தேன் என்றார் டாக்டர். பேச்சு முதலில் திரும்பியது. அதில் என் வீட்டுக்காரருக்கு முழுச் சந்தோஷமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கை மெல்ல வந்தது. இடது காலில் மட்டும் பாதத் தொங்கல் (நடக்கும்போது முன்பாதம் மேலே எழும்பாமல் தரையில் உரசுவது) தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பிடித்து என்னை இறக்கிவிட்டார்கள். தெருவே நின்று பார்த்தது. பிழைத்த சந்தோஷத்தைவிட அந்த வெட்கம்தான் வெகுநாள் கூடவே இருந்தது.

கம்பெனியில் செக்கிங் டேபிளில், உட்கார்ந்தபடி செய்யும் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் போய்ச் சேர வேண்டுமே. அவ்வளவு தூரம் நடக்க முடியாது, பஸ் படி ஏற முடியாது, என் வீட்டுக்காரருக்கோ விடியற்கால ஷிஃப்ட். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன பேட்டரி சைக்கிள் மாடிப்படிக்கடியில் நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"விழுந்தா அன்னைக்கே விட்டுடணும்" என்று நிபந்தனை போட்டார். சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிசியோதெரபி (தசைகளைப் பழக்கி இயக்கத்தை மீட்கும் சிகிச்சை) கொடுத்த ஷில்பா மேடம் கன்னடக்காரர். என்னோடு தமிழில் பேசிப் பார்ப்பார். "ஓட்டறது ஓட்டிடுவீங்க அம்மா. இறங்கறதுதான் கஷ்ட. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க அல்வா... இல்லையா? தலையில அடிபட்டா உள்ளே ரத்தம் நிக்காது." ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது என்றார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும் அளவுக்குச் சீட்டை இறக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லேஅவுட்டின் காலி ரோட்டில் ஏறினேன். ஓட்ட வந்தது. சிரித்துக்கொண்டே போனேன். நிறுத்தும்போதுதான் வினை. சின்ன வயதிலிருந்தே சைக்கிளை இடது பக்கம் சாய்த்து, அது நிற்பதற்குள் குதித்து இறங்கிப் பழகிய உடம்பு இது. என்னென்னவோ மறந்த மூளை இதை மட்டும் மறக்கவில்லை. இடது பக்கம் சாய்ந்தேன், கால் மடங்கியது. பயத்தில் வலது கைப்பிடியை இறுக்கி முறுக்கினேன். ஆக்சிலேட்டர் அங்கேதான் இருக்கிறது. சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் ஓடிவந்த என் வீட்டுக்காரர் கேரியரைப் பிடித்துத் தொங்கியதால் தப்பித்தேன். அவர் முட்டியில் தோல் உரிந்தது.

"போதும் கௌரி, இறங்கு. வித்துடலாம்."

"நான் விழலையே! விழுந்தாத்தான விடணும்னீங்க?"

"ஏறச் சொன்னா எருதுக்குக் கோவம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோவம்" என்று முணுமுணுத்தார். பிறகுதான் என் காலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. நோய் வந்ததிலிருந்து என்னிடம் அளந்து அளந்து பேசியவர், அன்றுதான் பழையபடி பேசினார்.

உள்ளுக்குள் பயந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு முறை அப்படி நடந்தால் நானே விட்டிருப்பேன்.

மறுநாள் வீட்டு மெஷினில் ஒரு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். துணியைத் திருப்பப் போனதும் என் வலது கால் தானாகப் பெடலை விட்டு விலகியது. கரண்ட் மெஷினில் உட்காருகிற எவருக்கும் இதுதான் முதல் பாடம். காலை எடு, அப்புறம் துணியைத் தொடு. இல்லையென்றால் ஊசி விரலில் ஏறும். மெஷினில் ஓட்டுவது கால், பிடிப்பது கை. சைக்கிளில் ஓட்டுவதும் கை, பயந்தால் பிடிப்பதும் அதே கை. என் தப்பு பிடிபட்டுவிட்டது. தையல்காரிக்கு மோட்டாரை நிறுத்தத் தெரியாதா என்ன!

என்னைப் போன்றவர்களுக்காக என் வழியைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இடம் வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறேன். இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடிக்கிறேன். நின்றதும் வலது காலை ஊன்றி, சாவியைத் திருப்பி மோட்டாரை அணைக்கிறேன். வலது பக்கம் வண்டிகள் வரும் பக்கம், அதனால் திரும்பிப் பார்க்கிறேன். பிரேக்கை விடாமல், இடது முட்டியை நன்றாகத் தூக்கி, சீட்டுக்கு முன்னால் இருக்கும் தாழ்ந்த கம்பிக்கு மேலே கொண்டுவருகிறேன். முட்டி உயர்ந்தால் பாதம் பின்னாலேயே வந்துவிடும்.

அதே ரோட்டில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினேன். ஓட்டியதைவிட இறங்கியதுதான் அதிகம். ஷில்பா மேடம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் அம்மா, போங்க" என்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்று கம்பெனி கேட்டில் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் என் கதை தெரியும். பிரேக் பிடித்தேன். நின்றேன். சாவியைத் திருப்பினேன். பிடிக்க வந்த ஒருத்தியைக் கண்ணாலேயே நிறுத்தினேன். முன்பெல்லாம் வண்டி நிற்பதற்கும் நான் இறங்குவதற்கும் இடையில் நேரமே இருந்ததில்லை. இப்போது அங்கே ஒரு நேரம் இருக்கிறது, அது முழுக்க என்னுடையது. யார் ஹார்ன் அடித்தாலும் அதை நான் குறைத்துக்கொள்வதில்லை.

முட்டியைத் தூக்கினேன். பாதம் கம்பியைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றது.

"லேட் ஆய்த்து, அக்கா" என்றார் செக்யூரிட்டி.

"ஆகட்டும்ப்பா" என்றேன். "யாரும் இறக்கிவிடல, பாத்தீங்கல்ல?"