கிளப் என்று நினைத்து உட்கார்ந்தேன்

யுத்தம் முடிந்த வருஷம் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து, திருவொற்றியூரில் தனியாக அறை எடுத்திருந்தேன். பேச ஓர் ஆள் கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கிளப் தேடிப் போனபோது, தெருப் பந்தலில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கிளப்தான் என்று உட்கார்ந்துவிட்டேன். "ரசம் ஆறிப்போச்சே, சூடா கொண்டாப்பா!" என்று அதட்டவும் செய்தேன்.

ரசத்தோடு வந்தவருக்கு அன்று மழித்த மொட்டைத் தலை. கருமாதிச் சாப்பாடு என்று அப்போதுதான் உறைத்தது. பதறி எழுந்தேன். அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நைனாகூட ஹார்பர்ல வேலை செஞ்சியா? அங்கேர்ந்து ஒர்த்தரும் வர்ல. நீயாச்சும் வந்தியே. குந்து, துன்னு."

அந்த நைனாவை நான் பார்த்ததுகூட இல்லை; ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் ஆபீசில் யார் இறந்தாலும், முகம் தெரியாதவரானாலும், கருமாதிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வருகிறேன். ரசம் ஆறியிருந்தால் வாய் திறப்பதில்லை.