போலந்துக்குப் போகும் வழியில் கும்மிடிப்பூண்டி

கடந்த மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரத்தில் கடம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். போக வேண்டிய ஊர் கும்மிடிப்பூண்டி. மனசு அதற்கு முன்பே போலந்து போய்விட்டது. பிளாட்பாரத்தில் பனி அப்படி இறங்கியிருந்தது, கொஞ்சம் கண்ணைச் சுருக்கினால் வெளிநாடு மாதிரியே இருந்தது.

நான் வெல்டர். பெண் வெல்டரா என்று கேட்பவர்கள் கேட்டு முடியுங்கள், காத்திருக்கிறேன். திருவள்ளூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடமாக ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்து, ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்து, மறுபடி புது ஆளாகச் சேர்ப்பார்கள். பத்து வருடமாகவும் நான் புது ஆள்தான். அதனால்தான் போலந்தில் கப்பல் கட்டும் தளம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் விண்ணப்பித்தேன். இரண்டு முறை நேர்காணலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறைக்கு மேல் பார்க்க மாட்டார்களாம். இது மூன்றாவது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில்.

இரண்டு முறையும் ஒரே கேள்வியில்தான் விழுந்தேன். "ஈரத்தில் நின்று வெல்டிங் செய்யச் சொன்னால் என்ன செய்வாய்?" நான் சிரித்த முகத்தோடு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வேன் சார்" என்றேன். நம்ம ஊரில் இதைவிட நல்ல பதில் இருக்கிறதா சொல்லுங்கள்! பத்து வருடம் எனக்குச் சோறு போட்டதே அந்த வார்த்தைதான்.

கூட வந்த ஸ்டெல்லா என் தெருக்காரி, என் வயசுதான். அவளும் வெல்டர். போன முறையே தேறிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிறாள். அவள்தான் மண்டையில் அடித்த மாதிரி சொன்னாள்: "அவங்களுக்கு அட்ஜஸ்ட்னா உசுர உட்றதுடி. முடியாதுன்னு சொல்லக் கத்துக்கோ. கும்மிடிப்பூண்டி போறதுக்குள்ள மூணு பேராண்ட சொல்லிக் காட்டணும், ஆமா."

5.40 மின்சார ரயில். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் கொடுத்தோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் நான், நடுவில் ஸ்டெல்லா, ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர். திருவள்ளூரில் ஏறிய ஓர் அம்மா சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார். "தோ, கொஞ்சம் தள்ளிக் குந்துங்கமா." மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு இடம் விடுவது இந்த லைனில் எழுதாத சட்டம். என் இடுப்பு என்னைக் கேட்காமலே ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. ஸ்டெல்லா ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று போச்சு.

சென்ட்ரல் வரைக்கும் போக வேண்டாம். பேசின் பிரிட்ஜில் இறங்கினால் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்கலாம். 6.50க்கு இறங்கினோம், அடுத்த வண்டி 7.15. டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். பாகு மாதிரி ஒரு டீ வந்தது. திருப்பிக் கொடு என்று ஸ்டெல்லா கண்ணாலேயே மிரட்டினாள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது, மடமடவென்று குடித்துவிட்டேன். இரண்டு.

எண்ணூர் தாண்டியதும்தான் இந்தப் பயணத்தின் அழகே தொடங்குகிறது. வலது பக்கம் உட்காருங்கள். தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புகைபோக்கிகள் இடுப்பளவு மறைந்து, மேல்பாதி மட்டும் மிதந்தன. அறுபது கேள்வி பதிலை மனப்பாடம் செய்த நோட்டு மடியில் திறந்தபடி கிடக்க, நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கனவில் கடம்பத்தூர் பிளாட்பாரம் முழுக்க வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. நான்காம் வகுப்புப் படிக்கும் என் பெண் ரேவதி, பள்ளிக்கூடப் பையோடு அதன்மேல் வெறுங்காலில் நடந்து வந்தாள். "காலு சில்லுன்னு கீதா?" என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கினேன்மா" என்றாள். திடுக்கிட்டு விழித்தபோது பொன்னேரி. நோட்டை மூடிவிட்டேன்.

8.35க்கு கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து தொழிற்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தோம். டிரைவர் திரும்பி, "மேடம், கொஞ்சம் நகுந்து குந்துங்க, இன்னும் ரெண்டு பேரு வராங்க" என்றார்.

"இடம் எங்கண்ணா கீது?" என்று ஆரம்பித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"ஆளு ரொம்பினாதான் மேடம் வண்டி ஆடாம போவும்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்தால் தீர்ந்தது. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒடுங்கினேன்.

"மூணும் போச்சு. பேஜாரு புடிச்சவடி நீ" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு நிஜமாகவே கோபம்.

தேர்வு நடந்தது ஒரு பழைய ஷெட்டில். சரியாகப் பத்து மணி. நிமிர்த்தி வைத்த இரண்டு இரும்புத் தகடுகளைக் கீழிருந்து மேலாக இணைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். பிறகு அதை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், விரிசல் விடக்கூடாது. போலந்துக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். எனக்குக் கொடுத்த தடுப்புக்குள் போய், வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையில் எடுத்தேன். ஒரு சாண் தள்ளி கேபிள் பிய்ந்து உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. கூரையிலிருந்து தரையில் பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை முதலில் தேடியது இன்சுலேஷன் டேப்பைத்தான். எத்தனை கேபிளை அப்படிச் சுற்றியிருக்கிறேன்! ஷெட்டைப் பார்த்துக்கொள்பவரும் அதையேதான் சொன்னார்: "இன்னாம்மா பாத்துக்கினு நிக்கற? டேப்ப சுத்திக்கினு அடிச்சினு போ. டைம் ஓடுது." உண்மைதான், கடிகாரம் தொடங்கிவிட்டது. எனக்குப் பிய்ந்த கேபிள் தெரியவில்லை, ரேவதியின் வெறுங்கால்தான் தெரிந்தது. ஹோல்டரைக் கீழே வைத்தேன்.

"முடியாதுண்ணா. கேபிள மாத்துங்க."

"வேற கேபிள் ஸ்டோர்ல கீது. எடுத்தாந்து மாட்ட அர மணி ஆவும். டைம் எக்ஸ்ட்ரா தர மாட்டாங்க, பரவால்லியா?"

"பரவால்ல" என்றேன். சரியாக இருபத்தைந்து நிமிடம் சும்மா நின்றேன். பக்கத்துத் தடுப்புகளில் பொறி பறந்துகொண்டிருந்தது. அழுகை வந்தது, அழவில்லை. மீதி நேரத்தில் இணைத்து முடித்தேன்; முடிவு மணி அடிக்கும்போது கடைசி வெல்டிங் குச்சி என் கையில் பாதி இருந்தது.

தகடு விரிசல் விடாமல் வளைந்தது. மதியம் நேர்காணல். அறுபது பதிலும் நாக்கின் நுனியில் தயார். போலந்துக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதற்காக இருபத்தைந்து நிமிடத்தை இழந்தாய்? நோட்டில் அந்தக் கேள்வி இல்லை. என்னிடம் இருந்த இங்கிலீஷில், "ஐ நீட் மை ஹேண்ட்ஸ், சார்" என்றேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், அசட்டுத்தனமாக. அவர் எதையோ எழுதினார். மூன்றரை மணிக்கு ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். முப்பத்தாறு மாதம் நடுவில் யாரும் என்னைப் புது ஆளாக்க மாட்டார்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டே தெருவில் நின்று அழுதேன்.

4.20 ரயிலில் திரும்பும்போது உங்களுக்காக எழுதிக்கொண்டது இது. காலையில் ஸ்டேஷன் எதிரிலேயே நாஷ்டாவை முடித்துவிடுங்கள், பேட்டைக்குள் அலைய வேண்டியிருக்கும். பழகிய ஷூவும் சொந்தக் கண்ணாடியும் கையுறையும் கொண்டுபோங்கள். சான்றிதழ் நகல் மூன்று செட். கடம்பத்தூரிலிருந்து போக மூன்று மணி நேரம், வரவும் அதே. கேள்வி பதிலை மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை. தேர்வில் ஹோல்டரை எடுக்கும் முன் கேபிளை ஒருமுறை தடவிப் பாருங்கள், ஸ்விட்ச் போடாமல்.

மீஞ்சூரில் கூட்டம் ஏறியது. வேலை முடிந்து வந்த ஒரு பெண், கண் சொருக, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சீட்டருகே நின்றாள். எதுவும் கேட்கவில்லை. நானே நகர்ந்து, "குந்தும்மா" என்றேன். அவள் உட்கார்ந்ததும் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தாள்.

ஸ்டெல்லா என்னை முறைத்தாள்.

"இது ரயிலுடி" என்றேன்.