இடைவெளியில் கரண்ட் எங்கே நிற்கும்?

பேட்டை ரோட்டில் மோட்டார் என்று வாயெடுத்தால் காசிலிங்கம் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றியே மாடி வீடு கட்டினார், மகள் நித்யாவை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். எவனிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான் அன்று களக்காட்டில் ஒரு கிணற்றடியில், கருகிய சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்.

சோலார் தகடு கொடுக்கும் கரண்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி ஒன்றை அவர் சொந்தமாகச் செய்திருந்தார். மூடியில் அவர் பெயர்தான் பெயிண்டில் இருந்தது. அதை முதலில் நம்பி வாங்கியவர் களக்காட்டு வாழை விவசாயி தேவேந்திரன். அந்த நம்பிக்கையில் பழைய ஆயில் இன்ஜினையும் விற்றுவிட்டார். வாழை குலைதள்ளி நிற்கிறது, அடிமண் வெடித்துக் கிடக்கிறது.

பெட்டியை மாட்டி ஆன் செய்ததும் பட்டாசுபோல் ஒரு வெடி. புதுச் சுவிட்ச் போட்டார். மறுபடியும் வெடி. இனி மிச்சம் இருப்பது ஒரே செட் சுவிட்ச்.

"அண்ணாச்சி, கோயில் கொடைக்கு வெடி போட வந்தேரா, தண்ணி எடுக்க வந்தேரா?" என்றார் தேவேந்திரன்.

"சும்மா இரும் வே. புதுச் சாமான்னா கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும்."

"முறுக்கட்டும். பொழுது சாயுமுன்ன தண்ணி வரல்லன்னா நான் கம்பெனிக்காரன கூப்பிட்டிருவேன். அப்பொறம் களக்காட்டுல உம்ம பெட்டிய எவனும் வாங்க மாட்டான், சொல்லிட்டேன்."

காசிலிங்கம் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பெட்டியில் என்ன தப்பு? மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு வயருக்கும் மேலே ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். நடுவில் நகத்தளவு சிப். அதற்குள் இருக்கும் டைமர் எண்ணிக்கொண்டே இருந்து, கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை மேலதையும் கீழதையும் மாற்றி மாற்றி ஆன் செய்யும். ஒன்று ஆன் என்றால் மற்றது ஆஃப். அந்த புரோகிராம் நித்யா எழுதியது. அதில் மாறுகிற நேரத்தில் ரெண்டுமே ஆஃபாக இருக்கும்படி துளி இடைவெளி விட்டிருந்தாள். டெட் டைம் என்றாள்.

அந்தப் பேரே அவருக்குப் பிடிக்கவில்லை. வேலையும் பிடிக்கவில்லை. சேரன்மகாதேவியில் அப்பாவோடு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவர் அவர். முறை மாறும்போது அடுத்த மடையைத் திறந்துவிட்டுத்தான் இந்த மடையை அடைக்க வேண்டும். முதலில் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து வரப்பை உடைக்கும். ஓடுகிற கரண்ட்டும் அப்படித்தானே? ரெண்டையும் அடைத்துவைத்தால் அது எங்கே போகும்? இன்ஜினியர் பிள்ளைகள் சேற்றில் கால் வைக்காததால் வந்த வினை என்று முடிவுகட்டி, நேற்று அவள் சாப்பிடப் போன நேரத்தில் அந்த எண்ணை அழித்து ஜீரோ போட்டு சிப்பில் ஏற்றிவிட்டார். மோட்டார் பிரமாதமாகச் சுற்றும் என்று நினைத்தார்.

இப்போது கடைசி செட்டை மாட்டினார். நேராகக் கொடுக்கப் பயந்து, தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் குண்டு பல்புகளைத் தொடராகப் போட்டார். கரண்ட் எகிறினால் பல்பு வாங்கிக்கொள்ளும், சுவிட்ச் பிழைக்கும். மோட்டார் வயரைக் கழற்றியே வைத்துவிட்டு ஆன் செய்தார்.

பல்புகள் பளீரென்று எரிந்தன.

அவர் மோட்டார் வயரைப் பார்த்தார். அது தனியாகத்தான் தரையில் கிடந்தது. மோட்டாரே இல்லாமல் இத்தனை கரண்ட் யார் குடிக்கிறார்கள்? ஆஃப் செய்தார், ஆன் செய்தார். மறுபடியும் எரிந்தது. வேறு வழியில்லாமல் கடையில் இருந்த நித்யாவுக்குப் போன் போட்டார்.

"மோட்டார் இல்லாமலே பல்பு எரியுதாப்பா?" என்று கேட்டாள் நித்யா. "டெட் டைம்ல கை வச்சியளா?"

"லேசா."

"லேசான்னா?"

"ஜீரோ."

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுதிய? ஆஃப் சொன்னதும் சுவிட்ச் ஒடனே ஆஃப் ஆகாது, கொஞ்சம் இழுக்கும். அதுக்குள்ள மத்தது ஆன் ஆயிட்டுன்னா, கரண்ட் மோட்டாருக்குப் போகாம மேல இருந்து நேரா கீழ பாஞ்சிரும். அதான் வெடிக்கி."

"சரி. அப்ப ரெண்டும் ஆஃபா இருக்கும்போது மோட்டார்ல ஓடுத கரண்ட் எங்கன போவும்? ஒடைச்சிராதா?"

"ஒவ்வொரு சுவிட்ச் பக்கத்துலயும், கரண்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடுத டயோடு இருக்குல்லா? அது வழியா சுத்தி வந்துரும்."

"சுத்தி எங்கன வரும்? ஏளா, போன தண்ணி திரும்பி வருமா?"

"தண்ணி இல்லப்பா, கரண்ட்டு. முதல்ல பழைய நம்பரப் போடுங்க. பொறவு வெளக்குதேன்."

பையில் கொண்டுவந்திருந்த லேப்டாப்பை மடியில் வைத்து ஒற்றை விரலால் பழைய எண்ணை அடித்து ஏற்றினார். ஆன் செய்தார். பல்பு எரியவில்லை. எரியாததுதான் நல்லது என்று புத்தி சொன்னது, மனசு ஒப்பவில்லை. பல்புகளைக் கழற்றி, மோட்டாரை இணைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

மோட்டார் முனகியது. பிறகு வேகம் பிடித்தது. குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. சூரியன் இன்னும் மலைக்குமேல்தான் இருந்தது.

தேவேந்திரன் முகம் கழுவிக்கொண்டே, "மச்சினனும் ஒரு பெட்டி வேணும்னு கேக்கான் அண்ணாச்சி. என்னதான் கோளாறு?" என்றார்.

காசிலிங்கம் பெட்டியின்மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். சூடு இல்லை. ரெண்டு சுவிட்சும் அணைந்திருக்கும் அந்தத் துளி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"மச்சினனுக்கும் செஞ்சு தாரேன். என் பெட்டி ஓடும் வே," என்றார். "எப்படி ஓடுதுன்னு மட்டும் நித்யாகிட்ட கேளும்."